மாத்திரைக்கு வழி எப்படித் தெரியும்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல்லில் இருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு இதய இரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது தெரியவந்து, நான்கு மாத்திரைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், சாப்பிட்ட பின் ஆஸ்பிரின் 75 மில்லிகிராமும் மெட்டோப்ரோலாலும், இரவில் அட்டோர்வாஸ்டாட்டின். "நாலும் ஒரே வாய் வழியாகத்தானே உள்ளே போகிறது? பிறகு ஒன்று வயிற்றுக்கும், ஒன்று நெஞ்சுக்கும், ஒன்று ஈரலுக்கும் எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறது?" என்று அம்மா கேட்டாராம். இதற்கிடையே தாய்மாமன் ஒருவர், "இதெல்லாம் கெமிக்கல், நம் மூலிகையில் கெமிக்கல் கிடையாது, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்" என்று வற்புறுத்துவதாகவும், அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அம்மாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இருபத்தெட்டு ஆண்டுகள் மருந்தியல் பாடம் நடத்தியவன் நான். நூற்றுக்கணக்கான மருந்துகளின் பெயரையும் அளவையும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் மாணவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மாத்திரைக்கு வழி எப்படித் தெரியும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர்தான். மருந்தியலின் அடித்தளமே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதற்கு நேரான விடை, எந்த மாத்திரைக்கும் வழி தெரியாது என்பதே. இரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகிறது. எங்கே அது பற்றிக்கொள்ள இடம் கிடைக்கிறதோ அங்கே மட்டும் அதன் வேலை நடக்கிறது.

75 மில்லிகிராம் ஆஸ்பிரினில் ஏறத்தாழ 25 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. நம் உடலில் உள்ள சுமார் 5 லிட்டர் இரத்தம், நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. ஆகவே இரத்தத்தில் கலந்த மருந்து சில நிமிடங்களுக்குள் கால் பெருவிரலிலும் இருக்கும், காது மடலிலும் இருக்கும், இதயத்திலும் இருக்கும். மூளையின் நுண்குழாய்கள் மட்டும் பல மருந்துகளை உள்ளே விடாமல் தடுத்துவிடும். மற்றபடி, தலைவலிக்காக நாம் விழுங்கும் மாத்திரையில் பெரும் பங்கு தலைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத இடங்களில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பற்றிக்கொள்ளுதல் என்று சொன்னேன். இந்தக் கருத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1905-இல் ஜான் லாங்லி என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் கோழியின் தசையில் நிகோட்டினை இட்டுப் பார்த்தார், தசை சுருங்கியது. அந்தத் தசைக்குப் போகும் நரம்பு அறுபட்டு அழிந்த பிறகும் சுருங்கியது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் குராரே நஞ்சை இட்டதும் அந்தச் சுருக்கம் தடைபட்டது. நரம்பே இல்லாத இடத்தில் இரண்டு பொருள்களும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன என்றால், தசையிலேயே இவற்றை ஏற்கும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அதைத்தான் இன்று ஏற்பி என்கிறோம். மருத்துவர்கள் பேச்சில் ரிசெப்டார். அதே காலத்தில் ஜெர்மனியில் பால் எர்லிக், பற்றாத பொருள் செயல்படாது என்பதை ஒரு விதியாகவே வகுத்துச் சொன்னார். இருவரும் ஏற்பியைக் கண்ணால் கண்டதில்லை. அதன் உருவத்தை மனிதன் பார்க்க இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின.

உங்கள் அம்மா சாப்பிடும் மெட்டோப்ரோலாலின் கதை அந்த உருவத்தோடு இணைந்தது என்பதால் அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

பயத்திலோ அவசரத்திலோ நம் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயத் தசைச் செல்லின் மேலுறையில், அந்த உறையை ஏழு முறை ஊடுருவித் தைத்தது போல ஒரு புரத இழை நிற்கிறது. அந்த ஏழு சுருள்களுக்கு நடுவே வெளிப்புறம் பார்த்த ஒரு குழி. குழியின் ஒரு பக்கத்தில் எதிர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. அட்ரினலினின் வால் பகுதியில் உள்ள நைட்ரஜன் நேர்மின்னூட்டம் கொண்டது, ஆகவே இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அட்ரினலினின் தலைப் பகுதியில் இரண்டு ஹைட்ராக்சில் கைகள் இருக்கின்றன. எதிர்ச்சுவரில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலங்களை அவை பற்றுகின்றன. அப்படிப் பற்றும்போது ஐந்தாவது சுருள் உள்நோக்கி இழுபடுகிறது. அந்த அசைவு தொடர்ந்து போய், செல்லின் உட்புறத்தில் ஆறாவது சுருளின் நுனி வெளிநோக்கி விலகுகிறது. எவ்வளவு விலகுகிறது தெரியுமா? ஏறத்தாழ 1.4 நானோமீட்டர், ஒரு மில்லிமீட்டரை ஏழு லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. அந்தச் சிறு இடைவெளிக்குள் உட்புறமிருக்கும் ஜி புரதம் என்ற தூதன் வந்து பொருந்தி, செய்தியைப் பெற்றுக்கொண்டு விலகுகிறது. ஓர் ஏற்பி பல தூதர்களைக் கிளப்பும். அவர்கள் தூண்டும் நொதிகள் ஆயிரக்கணக்கான புதிய மூலக்கூறுகளை உண்டாக்கும். இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கும். அட்ரினலினை ஏற்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஏற்பியின் உருவம் 2007-இலும், அது தூதனோடு கைகோத்து நிற்கும் நிலை 2011-இலும் படிகங்களின் வழியாகத் தெளிவாயின. அதில் முன்னின்ற பிரையன் கோபில்காவுக்கும் அவருடைய ஆசிரியர் ராபர்ட் லெஃப்கோவிட்சுக்கும் 2012-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பூட்டும் சாவியும் என்ற உவமையை எல்லாப் பாடப் புத்தகங்களிலும் காணலாம். எமில் ஃபிஷர் 1894-இல் நொதிகளுக்காகச் சொன்னது அது. நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அது பாதி உண்மைதான் என்பது என் எண்ணம். இரும்புப் பூட்டு அசையாமல் கிடக்கும். ஏற்பி ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும். பொருந்தும் மூலக்கூறு வந்து அமரும்போது அந்த நெளிவு ஒரு பக்கமாக நிலைப்படுகிறது. ஈரக் களிமண்ணில் கை பதிவது போல, இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றன.

மெட்டோப்ரோலாலிலும் அட்ரினலினைப் போலவே நேர்மின்னூட்டம் கொண்ட நைட்ரஜன் வால் உண்டு. ஆகவே அதே குழிக்குள் போய் அதே இடத்தில் பிடித்துக்கொள்கிறது. எதிர்ச்சுவரை இழுக்கும் அந்த இரண்டு கைகள் மட்டும் அதற்கு இல்லை. குழியில் உட்காரும், சுருளை இழுக்காது, செய்தி உள்ளே போகாது. அது அமர்ந்திருக்கும் வரை அட்ரினலினுக்கு இடமும் இல்லை. இதயம் அமைதியாகத் துடிக்கும், அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறையும். அடைப்புள்ள குழாய் வழியாகக் கூடுதல் இரத்தத்தை அனுப்ப எல்லோரும் வழி தேடிக்கொண்டிருந்த காலத்தில், இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று மாற்றி யோசித்தவர் ஜேம்ஸ் பிளாக். அந்த யோசனையில் பிறந்தது 1964-இல் வெளிவந்த புரோப்ரனலால். மெட்டோப்ரோலால் அதன் வழிவந்த தம்பி. பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்.

இங்கே அம்மாவின் கேள்வி மீண்டும் எழ வேண்டும். மருந்து எங்கும் போகும் என்றால், அதே போன்ற ஏற்பி வேறு இடங்களிலும் இருந்தால் என்ன ஆகும்?

என் பெரியப்பாவின் வாழ்க்கையில் அதற்கு விடை கிடைத்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். இளமையிலிருந்தே ஆஸ்துமா இழுப்பு உண்டு. வயதான பிறகு கண்ணில் நீர் அழுத்தம் கூடியிருக்கிறது என்று சொல்லி ஒரு மருத்துவர் டிமோலால் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். இழுப்பு உண்டா என்று அவரும் கேட்கவில்லை. கண்ணுக்குத்தானே சொட்டு என்று பெரியப்பாவும் சொல்லவில்லை. அன்று இரவே மூச்சு முட்டி, விடிவதற்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது முகமூடி வழியாகப் புகை போல மருந்து போய்க்கொண்டிருந்தது. சட்டைப் பையில் அந்தச் சிறு குப்பி இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்ததும் எனக்குக் காரணம் விளங்கிவிட்டது.

கண்ணில் விட்ட சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. கண்ணின் உள்மூலையில் இருக்கும் நுண்துளை வழியாக அதன் பெரும் பகுதி மூக்குக்குள் இறங்கிவிடும். அழும்போது மூக்கு ஒழுகுவது அந்த வழியினால்தான். மூக்கின் மென்சவ்விலிருந்து அது கல்லீரலைத் தொடாமலே நேரடியாக இரத்தத்தில் கலக்கிறது. ஒரு சொட்டில் இருக்கும் டிமோலால் கால் மில்லிகிராம் அளவுதான். ஆனால் மெட்டோப்ரோலாலைப் போலவே அட்ரினலினின் குழியில் அமர்ந்து தடுக்கும் அது, அட்ரினலின் ஏற்பிகளில் வகை பார்க்காது. இதயத்தில் பெரும்பாலும் பீட்டா 1 என்ற வகை. மூச்சுக்குழாயில் பீட்டா 2 என்ற வகை. மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்தித் திறந்து வைப்பது அந்தப் பீட்டா 2 வழியாக வரும் செய்தி. இழுப்பு உள்ளவருக்கு அந்தச் செய்தி நின்றால் குழாய் இறுகிவிடும். அன்று முகமூடி வழியாகக் கொடுத்த சால்பியூட்டமால், பீட்டா 2 குழிக்குப் பொருந்தும்படி 1960-களில் உருவாக்கப்பட்ட மூலக்கூறு; அது குழிக்குள் போட்டியிட்டு டிமோலாலை விலக்கி, சுருளை இழுத்து, குழாயைத் திறந்தது. ஒரே குழிக்காக இரண்டு மருந்துகள் நடத்திய போட்டியை ஒரு மனிதரின் மூச்சில் அன்று நேரில் கேட்டேன். கண் சொட்டு விடுபவர்கள், விட்ட பின் கண்ணை மூடி, உள்மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் மூக்குக்கு இறங்கும் அளவு நன்றாகக் குறையும். இழுப்பு இருந்தால் எந்த மருத்துவரிடமும், கண் மருத்துவரானாலும் பல் மருத்துவரானாலும், அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

மெட்டோப்ரோலால் பீட்டா 1 வகையைக் கூடுதலாக நாடும். ஆனால் நாட்டம் என்பது அளவைப் பொறுத்தது. மருந்தின் அளவு கூடினால் பீட்டா 2-ஐயும் அது பற்றத் தொடங்கும். இதைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்குப் போட வேண்டும். மருந்து ஏற்பியில் நிரந்தரமாக ஒட்டுவதில்லை. அமரும், எழும், மறுபடி அமரும். ஏற்பிகளில் பாதி நிரம்பியிருக்கும் அளவு மருந்து இரத்தத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளவை இரண்டு மடங்காக்கினால் நூற்றுக்கு நூறு நிரம்பாது. 67 தான் நிரம்பும். நான்கு மடங்கில் 80, பத்து மடங்கில் 91. பலன் இப்படி ஏறத் தயங்கும் அதே நேரத்தில், முன்பு மருந்து கண்டுகொள்ளாமல் விட்ட வேறு ஏற்பிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டே போகும். ஒரு மாத்திரைக்கு வலி குறையவில்லை என்று தாமாகவே இரண்டு மூன்று போட்டுக்கொள்பவர்கள் நம் ஊரில் அதிகம். அவர்கள் வாங்கிக்கொள்வது கொஞ்சம் பலனும் நிறையப் பக்கவிளைவும்தான்.

ஆஸ்பிரின் வேறு வகை. அது எழுந்து போகாமல் தன்னில் ஒரு துண்டை விட்டுச் செல்லும் மருந்து. இதை எவ்வளவு விரிவாகச் சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஆஸ்பிரினின் வேதிப்பெயர் அசிட்டைல் சாலிசிலிக் அமிலம். இது 1897-இல் ஜெர்மனியில் தூய நிலையில் தயாரிக்கப்பட்டது. கோடிக்கணக்கானவர்கள் அதை விழுங்கினார்கள். வலி குறைந்தது, காய்ச்சல் இறங்கியது. எப்படி என்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாது. 1971-இல் ஜான் வேன் என்பவர், அது புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள்களின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று காட்டினார். அந்தப் பொருள்களை உண்டாக்குவது சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி. அந்த நொதிக்குள் ஒரு குறுகிய சுரங்கப் பாதை உண்டு. செல்லுறையிலிருந்து வரும் கொழுப்பு அமிலம் அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்து உருமாறி வெளியே வரும். ஆஸ்பிரின் அந்தச் சுரங்கத்துக்குள் போய், தன் அசிட்டைல் துண்டை உள்ளே இருக்கும் ஒரு செரினின் மேல் ஒட்டிவிட்டு வெளியேறுகிறது. இரண்டே கார்பன் கொண்ட அந்தத் துண்டு வாசலில் கிடந்த பாறை போலப் பாதையை அடைத்துவிடும். அதன் பிறகு அந்த நொதிக்கு வாழ்வில்லை.

இப்போது இரத்தத் தட்டணுக்களை நினைத்துப் பாருங்கள். காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி இரத்தத்தை நிறுத்தும் இந்தத் துணுக்குகளே, அடைப்புள்ள இதயக் குழாயில் ஒட்டினால் மாரடைப்பை உண்டாக்குகின்றன. 'ஒட்டு' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் பொருள் திராம்பாக்சேன். அது உண்டாவதற்கும் அதே சுரங்க நொதி வேண்டும். மற்ற செல்களில் நொதி பழுதானால் உட்கருவிலிருந்து கட்டளை போய்ப் புதிய நொதி உருவாகும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆகவே ஆஸ்பிரின் ஒருமுறை அடைத்த தட்டணு, தன் ஏழு முதல் பத்து நாள் ஆயுள் முடியும் வரை அடைபட்டதுதான். இரத்தத்தில் முழு உருவில் இருக்கும் ஆஸ்பிரின் சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும்; அது செய்த வேலை ஒரு வாரத்துக்கு மேல் நிற்கிறது. வலிக்கு முந்நூறும் அறுநூறும் மில்லிகிராம் தேவைப்பட்ட மருந்து, இதயத்துக்கு 75 போதும் என்று ஆனதற்கு இதுதான் காரணம். தினமும் எலும்பு மச்சையிலிருந்து புதிதாக ஏறத்தாழ பத்தாயிரம் கோடி தட்டணுக்கள் இரத்தத்துக்கு வருகின்றன. அன்றாட மாத்திரை அந்தப் புதியவற்றுக்காகத்தான். சில அறுவை சிகிச்சைகளுக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வதும் இந்தக் கணக்கால்தான். இதய நோய் உள்ளவர்கள் அதைத் தாமாகச் செய்யக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, சகோதரி கவனிக்க வேண்டும். அம்மா முட்டு வலிக்காகக் கடையில் கேட்டு இபுபுரூஃபன் வாங்கிப் போடும் வழக்கமுள்ளவரா? இபுபுரூஃபனும் அதே சுரங்கத்துக்குள் போய் அமரும் மருந்து. ஆனால் எதையும் ஒட்டாது. சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும். அது உள்ளே இருக்கும் நேரத்தில் ஆஸ்பிரின் வந்தால் சுரங்கத்துக்குள் நுழைய முடியாமல், தன் குறுகிய நேரம் முடிந்து வீணாகிவிடும். இபுபுரூஃபன் போன பின் தட்டணு பழையபடி ஒட்டத் தொடங்கும். மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாமல் விழுங்கியும் பாதுகாப்பு இல்லாத நிலை இப்படித்தான் ஏற்படுகிறது. முட்டு வலிக்கு என்ன போடலாம் என்பதை அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

புரோஸ்டாகிளான்டின்கள் வலியை மட்டும் உண்டாக்குபவை என்று நினைத்துவிடக் கூடாது. வயிற்றின் உட்சுவரில் வழுவழுப்பான பூச்சைச் சுரக்க வைத்து, அமிலத்திலிருந்து சுவரைக் காப்பவையும் அவைதான். ஆஸ்பிரின் அங்கும் போகும், அங்கும் அடைக்கும். அதனால் வயிறு புண்ணாகும் என்பதற்காகத்தான் பான்டோபிரசோல் கூடவே வந்திருக்கிறது. வயிற்றுக்குத் தானே வழி கண்டுபிடித்துப் போவது போலத் தோன்றும் மருந்து இது ஒன்றுதான். உண்மையில் இதுவும் எங்கும்தான் போகிறது. மாத்திரையின் மேல் இருக்கும் பூச்சு வயிற்று அமிலத்தில் கரையாமல், குடலில்தான் கரையும். அங்கிருந்து இரத்தத்தில் ஏறி, உடலெங்கும் சுற்றி, அமிலம் சுரக்கும் செல்லின் பின்பக்கமாக வந்து சேரும். அந்தச் செல்லின் நுண்கால்வாயில் உள்ள கடும் அமிலம் பட்டவுடன் அது மின்னூட்டம் பெற்று, திரும்பி வர முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. உருமாறி, அமிலத்தை வெளியே தள்ளும் புரதப் பம்பின் கந்தக அணுவோடு தன் கந்தக அணுவைப் பிணைத்துக்கொள்கிறது. உடலில் வேறெங்கும் அவ்வளவு அமிலம் இல்லாததால் வேறெங்கும் அந்த உருமாற்றம் குறிப்பிடும்படி நடப்பதில்லை. இரவெல்லாம் ஓய்ந்திருந்த பம்புகள் காலை உணவின்போதுதான் ஏராளமாக வேலைக்கு வருகின்றன. வேலை செய்யும் பம்பைத்தான் மருந்து பிடிக்க முடியும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் பூச்சு போய், மருந்து வயிற்றிலேயே வீணாகிவிடும்.

அட்டோர்வாஸ்டாட்டினைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானில் அகிரா எண்டோ ஏறத்தாழ ஆறாயிரம் நுண்ணுயிர்களைச் சோதித்து 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த பொருளின் பரம்பரை அது. கொழுப்பை உருவாக்கும் ஒரு நொதியின் குழியில், அந்த நொதி வழக்கமாகப் பிடிக்கும் பொருளைப் போலவே உருவம் காட்டி உட்கார்ந்துகொள்கிறது. தன் உற்பத்தி குறைந்த கல்லீரல், இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பைப் பிடித்திழுக்கும் ஏற்பிகளைத் தன் மேலுறையில் கூடுதலாக நிறுத்துகிறது. இரத்தத்தில் அளவு இறங்குகிறது. கொழுப்பு உற்பத்தி இரவில் கூடும் என்பதால், விரைவில் தீர்ந்துபோகும் பழைய ஸ்டாட்டின்களை இரவில் கொடுத்தார்கள். அட்டோர்வாஸ்டாட்டின் நீண்ட நேரம் நிற்பது. எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரம் என்றால் போதும்.

இனி மாமாவுக்கு.

அவர் அக்கறையால் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வர்ம ஆசான்களும் வைத்தியர்களும் தலைமுறை தலைமுறையாக நோய் பார்த்த மாவட்டம் இது. மூலிகைக்கு ஆற்றல் உண்டு என்று அவர் நம்புவதற்கு அனுபவக் காரணம் இருக்கும். அந்த ஆற்றல் எதனால் வருகிறது என்பதில்தான் அவர் தவறுகிறார். பல் வலிக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் கிராம்பைக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். மாறாமலைப் பக்கம் விளையும் நம் மாவட்டத்துக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே உண்டு. கடித்தவுடன் மரத்துப் போவது யூஜெனால் என்ற மூலக்கூறால். நரம்பு செய்தி அனுப்புவது சோடியம் அணுக்கள் உள்ளே பாயும் நுண்வாசல்கள் வழியாக. யூஜெனால் அந்த வாசல்களை அடைக்கிறது. பல் மருத்துவர் ஊசியில் செலுத்தும் லிக்னோகெயின் அடைப்பதும் அதே வாசல்களைத்தான். மூலக்கூறு மரத்திலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்பதை அந்த வாசல் அறியாது.

செங்காந்தளையும் அவருக்கு நினைவுபடுத்துங்கள். மழைக் காலத்தில் வேலியில் ஏறித் தீச்சுடர் போலப் பூக்கும் நம் மாநில மலர். அதன் கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் இருக்கிறது. செல்லுக்குள் சாரம் கட்டியது போல நிற்கும் நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத் துண்டுகளால் அடுக்கப்பட்டவை. கால்ச்சிசின் அந்தத் துண்டைப் பற்றிக்கொண்டால் அடுக்கு மேலே ஏறாது. அரை மில்லிகிராம் மாத்திரையாக அளந்து கொடுக்கும்போது, கௌட் என்ற கீல்வாதத்தில் வீங்கிய மூட்டை நோக்கி விரையும் வெள்ளணுக்கள் நகர முடியாமல் நிற்கின்றன, வலி தணிகிறது. சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, என்று தவறாக எண்ணி அந்தக் கிழங்கை அவித்துத் தின்றவர்களிடத்தில், பிரிந்து பெருக வேண்டிய குடல் செல்களும் எலும்பு மச்சைச் செல்களும் பிரிய முடியாமல் அழிந்து, உயிரே போகிறது. மூலக்கூறும் அது பற்றும் இடமும் இரண்டிலும் ஒன்றேதான். மாறியது அளவு. ஒரு கிழங்கில் எவ்வளவு கால்ச்சிசின் இருக்கும் என்பது செடிக்குச் செடி மாறும், மாத்திரையில் மாறாது. மாத்திரையின் மேல் எனக்குள்ள மதிப்புக்குப் பெரும் பகுதி காரணம் இதுதான்.

நம் வீட்டு மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, இன்னும் தெளிவாகக் காட்டும். கட்டுக் கசப்பான கிழங்கை நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை; பார்த்துப் பழகியிருப்பார். கிழங்கை வெட்டும்போது அதிலுள்ள ஒரு பொருளும் ஒரு நொதியும் கலந்து சயனைடு பிறக்கிறது. அது ஆவியோடும் தண்ணீரோடும் போய்விடுகிறது. போகாமல் உடலுக்குள் சென்றால், செல்லின் உள்ளே ஆக்சிஜன் வந்து அமர வேண்டிய இரும்பு அணுவின் மேல் சயனைடு அமர்ந்துகொள்ளும். இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல் மூச்சு முட்டும். அதற்கு மாற்று மருந்துகளில் ஒன்று ஹைட்ராக்சோகோபாலமின். அதன் நடுவில் இருக்கும் கோபால்ட் அணு, இரும்பைவிட இறுக்கமாகச் சயனைடைப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறுகிறது. பிடித்த பிறகு அதற்கு என்ன பெயர் என்றால், சயனோகோபாலமின். மருந்துக் கடையில் நாம் வாங்கும் வைட்டமின் பி12. நஞ்சும் மருந்தும் சத்தும் இங்கே ஒரே பிடிப்பின் மூன்று பக்கங்கள். உணவிலும் கெமிக்கல்தான், மூலிகையிலும் கெமிக்கல்தான், மாமாவின் உடலும் அதனால் ஆனதுதான்.

கொஞ்ச நாள் நிறுத்திப் பார் என்ற அவருடைய யோசனை மட்டும் எனக்கு அச்சம் தருகிறது. குறிப்பாக மெட்டோப்ரோலாலில். அட்ரினலினின் செய்தி வாரக் கணக்கில் வந்து சேராவிட்டால் இதயச் செல் சும்மா இருப்பதில்லை. செய்தி கேட்கவில்லையே என்று காதுகளைக் கூட்டிக்கொள்வது போல, மேலுறையில் பீட்டா 1 ஏற்பிகளைக் கூடுதலாக நிறுத்துகிறது. மருந்து அவற்றின் மேல் அமர்ந்திருக்கும் வரை தொல்லையில்லை. ஒரு நாள் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால், சில நாட்களுக்குள் மருந்து முழுவதும் வெளியேறிவிடும், கூடிய ஏற்பிகள் அப்படியே நிற்கும். மாடிப்படி ஏறும்போது வரும் வழக்கமான அட்ரினலினே அப்போது இரண்டு பங்கு அட்டகாசம் செய்யும். அடைப்புள்ள இதயத்தில் அது நெஞ்சுவலியாகவோ மாரடைப்பாகவோ முடியலாம். மருத்துவரே நிறுத்த முடிவு செய்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக அளவைக் குறைத்துத்தான் நிறுத்துவார்; கூடுதலாக நின்ற ஏற்பிகளைச் செல் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வதற்கு அந்த நாட்கள் வேண்டும்.